தாய்மாமன் இடுப்பில் ஒரு ரிவால்வர்

போன வருடம் வைகாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்தில், என் தங்கை வாழ்க்கைப்பட்ட வீட்டாரின் குலசாமி கோயிலில் அவள் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். குழந்தைக்கு மூன்று வயது. நான்தான் தாய்மாமன், அதுவும் ஒரே தாய்மாமன். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அன்றைக்கு என் மடியில் உட்கார்ந்த குழந்தையை, காது குத்துவதற்கு முன்பே வேறு மடிக்கு மாற்றும்படி ஆனது. காரணம் என் இடுப்பில் இருந்த ரிவால்வர்.

ரிவால்வர் என்றதும் என்னை ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். வயது நாற்பத்தேழு. கொஞ்சம் தொந்தி. சின்ன வயதில் தீபாவளிக்கு வெடிக்கிற பொட்டுத் துப்பாக்கியைக்கூட மற்றவன் வெடிக்க, நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றவன்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், அந்தக் காதுகுத்துக்கு இரண்டரை வருடம் முன்பு ஒரு நாள் விடிகாலை, மலைக்கு மேலே கேரளா பக்கம் வாங்கிய ஏலக்காயோடு போடிமெட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். நானும் என் டிரைவரும். அவர் ராயப்பன்பட்டிக்காரர். எங்களிடம் பதினாறு வருடமாக வண்டி ஓட்டுகிறார். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மொதலாளி என்பார். ஒரு வளைவில் ஜீப் ஒன்று பானெட்டைத் திறந்துபோட்டு நின்றது. மூன்று பேர் நின்றார்கள். கொஞ்சம் தள்ளிவிடச் சொல்லிக் கேட்டார்கள். டிரைவர் அண்ணன் இறங்கிப் போனார். அவர் குனிந்து ஜீப்பில் கை வைத்ததும், ஒருவன் இரும்புக் கம்பியால் அவர் வலது தோளில் ஓங்கி அடித்தான்.

அடுத்தவன் என் ஜன்னல் பக்கம் வந்து நின்றான். மூன்றாமவன் பின்கதவைத் திறந்து இரண்டு மூட்டைகளைத் தூக்கினான். போகிறபோது முன்பக்கத்து டேஷ்போர்டு மூடியையும் நெம்பி உடைத்துத் துழாவிவிட்டுப் போனார்கள். மொத்தமும் நாலைந்து நிமிடம் இருக்கும். அவ்வளவு நேரமும் நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது, பூட்டியது நான்தான். அவர்கள் போன பிறகும் எனக்கு இறங்கத் தோன்றவில்லை. டிரைவர் அண்ணன் தானே எழுந்து, தோளைப் பிடித்தபடி நடந்து வந்து, கண்ணாடியைத் தட்டிக் கேட்டார்.

"மொதலாளி, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையில்ல?"

மூட்டை போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் நெஞ்சில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. ஸ்டியரிங் பிடிக்கக் குறை இல்லை. ஆனால் சட்டை மாட்டும்போது சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன். நான் வண்டியை விட்டு இறங்காததை அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லிக்காட்டவில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால்கூட நான் துப்பாக்கி வாங்கியிருக்க மாட்டேனோ என்னவோ.

தேனி கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தேன். கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், டாக்டர் சான்று என்று அது ஊரைச் சுற்றியது. கடைசியில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தார். காப்பி குடித்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"எதுக்குக் கேக்குறீக? நல்ல கோம்ப நாய் ஒண்ணு வாங்கிக் கட்டுனாப் பத்தாதா?" என்றார்.

"நாயக் கார்லயும் கடையிலயும் கூட்டிக்கிட்டு அலைய முடியுமா ஏட்டய்யா?"

"துப்பாக்கியும் அப்படித்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைன்னு கூட்டம் கூடுற எடத்துக்கு இடுப்புல வச்சுக்கிட்டுப் போயிராதீக. அங்கன ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா லைசென்ஸ் மட்டும் போகாது, நீங்களும் உள்ள போவீக."

காதுகுத்து என்ற வார்த்தையையும் அவர் சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் தலையாட்டினேன். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவதில் எனக்கு ஈடு கிடையாது.

பயிற்சிக்குப் போய் சான்று வாங்கி, லைசென்ஸ் கைக்கு வர ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. பிறகு மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். வெளியே இரும்புக் கிராதி, உள்ளே ஒரு கதவு, அதற்கும் உள்ளே இன்னொரு கதவு. நகைக்கடை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஹார்டுவேர் கடை மாதிரி இருந்தது. என் வயதுள்ள ஓர் அம்மா கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். பச்சைத் துணி விரித்து மூன்றை எடுத்து வைத்தார். நீளக் குழல் வைத்த ரிவால்வர் ஒன்று, குட்டையாக எடை குறைந்த ரிவால்வர் ஒன்று, தோட்டாவை வரிசையாகப் பெட்டியில் அடைத்துக் கைப்பிடிக்குள் செருகுகிற பிஸ்டல் ஒன்று.

என் கை நேரே பிஸ்டலுக்குப் போனது. பார்ப்பதற்கு அதுதான் துப்பாக்கி மாதிரி இருந்தது.

"அண்ணே, நீங்க என்ன உடுத்துவீங்க? பேண்ட்டா வேட்டியா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வேட்டிதான்."

"கையில வச்சுப் பாத்து இத வாங்கக் கூடாது. செருப்பக் கையில வச்சுப் பாத்தா வாங்குறோம்? போட்டு நடக்குறோம்ல. இந்தாங்க, குண்டு இல்ல. ஒவ்வொண்ணா இடுப்புல செருகி நடங்க, நாற்காலில உக்காருங்க, குனிஞ்சு கீழ கெடக்குறத எடுங்க. அப்புறம் தரையில சம்மணம் போட்டு உக்காந்து பாருங்க."

நடந்தேன். உட்கார்ந்தேன். குனிந்தேன். நீளக் குழல் தொடையில் இடித்தது. பிஸ்டல் கனமாக இருந்தது. அதோடு, பயத்தில் கை நடுங்கும்போது பூட்டை விடுவித்து, மேல்பாகத்தை இழுத்து என்று இரண்டு வேலை செய்ய வேண்டும், பழகினவர்களுக்கே தடுமாறும் என்றார். குட்டை ரிவால்வர் சட்டைக்குள் இருப்பதே தெரியவில்லை. சம்மணம் போட்டு மட்டும் உட்காரவில்லை. கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் தரையில் உட்கார வெட்கமாக இருந்தது. அதெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"இல்லம்மா. பையன் காலேஜ் படிக்கிறான்."

"வர்றவங்க போறவங்க பிள்ளைங்க?"

"எப்பவாச்சும் வருவாக."

அவர் கெட்டியான தோல் உறை ஒன்றை எடுத்து வைத்தார். டிரிக்கர் வெளியே தெரியாத உறைதான் வாங்க வேண்டும், காசைப் பார்க்காதீர்கள் என்றார். வாங்கினேன். ஊருக்கு வந்து பார்த்தால் அது பேண்ட் பெல்ட்டில் மாட்டுகிற உறை. எங்கள் ஊர் ஆண்கள் வேட்டிக்கு மேல் கட்டுகிற நாலு விரல் அகலப் பச்சை பெல்ட்டில் அது ஏறவே இல்லை. வேட்டியை விட்டுப் பேண்டுக்கு மாறலாம் என்ற யோசனை எனக்கு வரவே இல்லை. கம்பத்தில் ஒரு தோல் வேலைக்காரரிடம் போய், பெல்ட்டோடு சேர்த்து மெல்லிய தோலில் ஓர் உறை தைத்து வாங்கினேன். சட்டென்று உருவ வசதியாக இருக்கட்டும் என்று மேல்பக்கத்தை வெட்டிக் குறைக்கச் சொன்னேன். "டிரிக்கரு பாதி வெளிய தெரியுதே" என்றார் அவர். பரவாயில்லை என்றேன். ஒரு பட்டையும் பிரஸ் பொத்தானும் வைத்துக் கொடுத்தார். ஒன்றரை வருடம் அலைந்து வாங்கிய பொருளுக்கு, கடைக்கார அம்மா சொன்னதில் முக்கியமான இரண்டையும், சம்மணம் போட்டுப் பார்ப்பதையும் டிரிக்கரை மூடி வைப்பதையும், நான் செய்யவில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. லைசென்ஸ் புத்தகத்தை நிதானமாகப் படித்தபோதுதான் அது தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் என்பது கண்ணில் பட்டது. செக்போஸ்ட்டைத் தாண்டினால் செல்லாது. எந்தப் பயணத்துக்காக வாங்கினேனோ, அந்தப் பயணத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாது. கேரளாவுக்குப் போகிற நாளில் அது பீரோவில் இருக்கும். போடி கடைவீதியில் சும்மா உட்கார்ந்திருக்கிற நாளில் என் இடுப்பில் இருக்கும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

முதல் ஒரு மாதம் கை அடிக்கடி இடுப்புக்குப் போனது. யார் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் அவர்கள் கையைப் பார்ப்பேன், பிறகுதான் முகத்தை. டிரைவர் அண்ணன் ஒரு நாள் கேட்டே விட்டார்.

"என்ன மொதலாளி, அது வந்ததுலருந்து என்னையவே ரெண்டு தடவ பாக்குறீக?"

அப்புறம் அந்தப் பழக்கமும் போய்விட்டது. குளித்தேன், வேட்டி கட்டினேன், பெல்ட்டைப் போட்டேன் என்று அதுவும் ஒன்றாகிவிட்டது. எட்டாவது மாதம் வந்தபோது அது இடுப்பில் இருப்பதே நினைவில் இல்லை.

காதுகுத்து நாளன்று விடியும் முன்பே எழுந்தோம். தாய்மாமன் சீர் என்றால் சும்மாவா? பட்டுப்பாவாடை, தங்கத்தோடு, பழத்தட்டு, பூ, தேங்காய் என்று என் மனைவி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் அவசரமாகக் குளித்துப் பட்டுவேட்டி கட்டி, பெல்ட்டைப் போட்டு, மேலே பட்டுச்சட்டையை மாட்டினேன். ஏட்டு சொன்னது ஞாபகம் வரவில்லை. வேண்டுமென்று கொண்டுபோனேன் என்றால்கூட ஒரு கணக்கில் சேர்த்தி. நான் மறந்துபோய்க் கொண்டுபோனேன். யோசிக்க யோசிக்க அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

கோயிலில் நல்ல கூட்டம். ஒரு பக்கம் கிடா வெட்டிச் சமையல் நடந்தது. நிறுத்தியிருந்த கார்களைச் சுற்றிப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதேகாலுக்குள் காது குத்திவிட வேண்டும் என்று தங்கையின் மாமனார் அவசரப்படுத்தினார். ஜமுக்காளம் விரித்து என்னை உட்காரச் சொன்னார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அடிவயிற்றில் ஏதோ அழுத்தியது. கை தானாகச் சட்டைக்குள் போய், வேட்டியைச் சரி செய்வது போல அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு வெளியே வந்தது. கைக்குத் தெரிந்தது என் புத்திக்கு எட்டவில்லை.

குழந்தையை மடியில் வைத்தார்கள். மொட்டை போடும்போதே அவள் ஊரைக் கூட்டினாள். காலை உதறி உதறி என் வயிற்றில் மிதித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தலையில் சந்தனம் பூசினார்கள். பிறகு ஆசாரி எதிரே வந்து உட்கார்ந்து, சின்னப் பெட்டியைத் திறந்து தங்கக் கம்பியை எடுத்தார். அதைப் பார்த்ததும் குழந்தை திரும்பி என் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்படியே இருக்கட்டும். காது வெளிய தெரிஞ்சாப் போதும்" என்றார் ஆசாரி.

அவளுடைய ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது. இன்னொரு கை சட்டைக்குள் புகுந்து வயிற்றுப் பக்கம் எதையோ இறுக்கிப் பிடித்தது. பயந்த பிள்ளை கைக்குக் கிடைத்ததைப் பிடிக்கும். "மாமா, இது என்னாது?" என்று என் சட்டைக்குள்ளேயே முனகினாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் மிதித்ததில் பிரஸ் பொத்தான் விட்டிருந்தது. கைப்பிடி உறையைவிட்டு மேலே வந்திருந்தது. சட்டைக்கு மேலாகவே தடவிப் பார்த்தேன். கைப்பிடியைச் சுற்றி அவள் விரல்கள் இருந்தன. ஒரு விரல் மட்டும் தனியாகக் கீழே, நான் வெட்டிக் குறைக்கச் சொன்ன இடத்தில் இருந்தது. உள்ளே ஆறு குண்டு. குழல் என் தொடையைப் பார்த்து இருந்தது. என் தொடைமேல்தான் அவள் கால் மடங்கிக் கிடந்தது.

அந்த டிரிக்கரை இழுக்க ஓர் ஆளுக்கே நல்ல பலம் வேண்டும், மூன்று வயதுப் பிள்ளையால் முடியாது என்று பயிற்சியில் படித்தவன்தான் நான். அந்த நேரத்தில் அந்தப் படிப்பை நம்ப முடியவில்லை. கம்பி காதில் இறங்கியதும் வலியில் கை இறுகும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஆசாரி அவள் காது மடலைப் பிடித்து, புள்ளி வைத்து, கம்பியைக் கொண்டுவந்தார்.

"நிறுத்துங்க" என்றேன்.

எனக்கே அந்நியமான குரல். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். சுப காரியத்தில் தாய்மாமனே நிறுத்து என்று சொன்னால் எப்படி இருக்கும்? "என்ன மாப்பிள?" என்று யாரோ கேட்டார்கள்.

"பிள்ளைக்கு ஒண்ணுக்கு வருதாம்."

"அவுக ஆத்தாகிட்டக் குடுங்க. நீங்க எதுக்கு எந்திரிக்கிறீக?"

நான் கொடுக்கவில்லை. சட்டைக்கு மேலாக அவள் கையையும் துப்பாக்கியையும் சேர்த்துப் பொத்திப் பிடித்தபடி, குழந்தையோடு எழுந்தேன். கால் மரத்திருந்தது. தள்ளாடிக்கொண்டே கோயிலுக்குப் பின்னால் இருந்த சுவர் மறைவுக்கு நடந்தேன். மொத்தம் முப்பது தப்படி இருக்கும். நான் நடந்ததிலேயே நீளமான தூரம் அதுதான்.

சுவருக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, "கைய விடு தங்கம்" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். அதட்டினால் இன்னும் இறுக்குவாள். என்ன செய்வது? என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கண்ணுக்கு முன்னால் ஆட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தனியே இருந்த விரல் வெளியே வந்தது. அடுத்து மற்ற விரல்கள். கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

நான் ரிவால்வரை உருவித் திறந்து ஆறு குண்டையும் உள்ளங்கையில் கொட்டினேன். ஒன்று நழுவி மண்ணில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது பட்டுப்புடவையின் ஓரம் தெரிந்தது. என் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

அவள் உத்தமபாளையத்தில் பள்ளிக்கூட டீச்சர். சத்தம் போட்டுப் பழகியவள். அன்றைக்குச் சத்தம் போடவில்லை. முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். பிள்ளையின் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"குண்டு போட்டுத்தான் வச்சிருந்தியாண்ணே?"

"மறந்துட்டேன்த்தா."

"இத மறக்க முடியுமாண்ணே?"

குண்டைத்தான் எடுத்துவிட்டேனே, காரில் வைத்துவிட்டு இதோ வந்துவிடுகிறேன் என்றேன்.

"கார்ல எங்கன வைப்ப? டேஷ்போர்டு மூடிதான் அன்னைக்கு மலையில ஒடச்சதுலருந்து அப்படியே கெடக்குல்ல. கார சுத்தித்தான் அத்தன பிள்ளையும் ஓடுது."

யாரிடமாவது கொடுத்து வைக்கலாமா என்றால், லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுப்பதே குற்றம். வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வர நேரம் இல்லை. உறையிலேயே இருக்கட்டும், குண்டு இல்லாத துப்பாக்கிதானே என்று ஒரு நொடி நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். தங்கை என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

"நீ கார்ல போயி உக்காந்து அதப் பாத்துக்கண்ணே. நான் பிள்ளைய வேற ஆள் மடில வச்சுக்கிறேன்."

ஒரே அண்ணனைப் பார்த்து ஒரு தங்கை சொல்கிற வார்த்தை இல்லை அது. அவளுக்கும் அது தெரியும். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தேழு வயதில் ஒரு கோயில் சுவருக்குப் பின்னால் நின்று முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

சுற்று வழியாகப் போய்க் காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். துப்பாக்கியை மடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினேன். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது, பேச்சு மட்டும் கேட்கவில்லை. தங்கை கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். பங்காளி வீட்டு ஆட்கள் இரண்டு மூன்று பேர் முன்னால் வந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டிப் போய், சமையல் பக்கம் நின்றிருந்த டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் பதறிப்போய்க் கையை ஆட்டி மறுத்தார். கழுத்தில் கிடந்த ஜெபமாலையைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அவளும் ஏதோ சொன்னாள். மாமனார் முகத்தைச் சுளித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கையை அசைத்துவிட்டார். டிரைவர் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, நான் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தில், நான் உட்கார்ந்திருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

குழந்தை அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்தாள். அவர் இடது கையால் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். வலது கை உயராது அல்லவா, அதைக் கீழே கொடுத்து அவள் கால்களைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி குனிந்தார்.

வண்டிக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, வெளியே அவர். இரண்டாவது தடவையாக அதே காட்சி. முதல் தடவை என்னிடம் துப்பாக்கி இல்லை, இந்தத் தடவை இருந்தது. வேறு வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

தங்கை என் மானத்தைக் காப்பாற்ற, அண்ணனுக்கு மயக்கம் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். விளைவு, அடுத்த அரை மணி நேரத்துக்கு ஆள் மாற்றி ஆள் காருக்கு வந்தார்கள். ஒருவர் சோடா கொண்டுவந்தார், ஒருவர் மோர். ஒரு பெரியம்மா கண்ணாடியைத் தட்டி, "கதவத் தெறப்பா, காத்தாச்சும் வரட்டும்" என்றார். மடியில் இருந்ததைத் துண்டோடு அமுக்கிக்கொண்டு, கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, எல்லோரிடமும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு டிரைவர் அண்ணன் வந்தார். அவர் வெள்ளைச் சட்டை முழுக்க சந்தனம். கண்ணாடியைத் தட்டினார்.

"மொதலாளி, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையில்ல?"

கதவைத் திறந்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். என்ன நடந்தது என்று தங்கை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், எதுவும் கேட்கவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"பாப்பா என்னா ஒத ஒதைக்குறா! ஒங்களுக்கு விழ வேண்டியது, எனக்கு விழுந்துருச்சு."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. இரண்டரை வருடமாகத் தொண்டையில் நின்றிருந்ததை அப்போதுதான் சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு மெட்டுல நான் எறங்கல. கதவப் பூட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவர் என்னை வித்தியாசமாகப் பார்த்தார்.

"தெரியும் மொதலாளி. எறங்கியிருந்தா ரெண்டு பேரும்ல ரோட்டுல கெடந்திருப்போம்? ஆசுபத்திரிக்கு வண்டிய யாரு ஓட்டுறது?"

அன்றைக்கு மலையிலிருந்து போடி ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டியை ஓட்டியது நான்தான். அதை நான் மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை.

இந்தத் தேர்தலுக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். எல்லோரையும்போல நானும் கொடுத்தேன். தேர்தல் முடிந்து மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என்னுடையது அங்கேயே இருக்கிறது. அதே ஏட்டு இரண்டு தடவை போன் செய்து, "ஒங்க சாமான் இங்கன கெடக்கே, வந்து எடுத்துக்கிருங்க" என்றார். இந்த மாதம் போய், லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்கு என்ன மனு எழுத வேண்டும் என்று கேட்கப் போகிறேன். கோம்பை நாய்க்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கை என்னோடு பழையபடிதான் பேசுகிறாள். காதுகுத்து ஆல்பத்தில் தாய்மாமன் இருக்க வேண்டிய படத்தில் டிரைவர் அண்ணன் இருக்கிறார். அவரைக் காட்டித் தங்கை மகள் மாமா என்கிறாள். என்னையும் மாமா என்கிறாள். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே கையை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஓடி வருவாள். இடுப்பில் ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்றாலும் முதலில் என் கை இடுப்பைத் தடவிப் பார்க்கிறது, அதற்குப் பிறகுதான் குழந்தையைத் தூக்குகிறேன்.